காசு உள்ளவருக்கு இடமில்லை: டென்வரின் இரண்டு யூத காசநோய் மருத்துவமனைகள்

2007 மே மாதம், மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத காசநோயுடன் ஒரு அமெரிக்கர் ஐரோப்பாவுக்கு விமானத்தில் போய்த் திரும்பிய விவகாரம் உலகம் முழுக்கச் செய்தியானது. கடைசியில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம், கொலராடோ மாநிலத் தலைநகர் டென்வரில் உள்ள ‘நேஷனல் ஜூயிஷ்’ மருத்துவமனை. நுரையீரல் நோய்களுக்கான சிறந்த அமெரிக்க மருத்துவமனைகளைப் பட்டியலிடும்போதெல்லாம் இந்தப் பெயர் மேல்வரிசையில் வரும். பெயரைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழும். நுரையீரல் மருத்துவமனைக்கு ஏன் யூதர்களின் பெயர்? அமெரிக்க யூதர்கள் பெருவாரியாக வாழ்ந்த நியூயார்க்கை விட்டு, 2,500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ராக்கி மலையடிவாரத்தில் அது ஏன் இருக்கிறது?

இரண்டுக்கும் பதில் 1890களில் இருக்கிறது. அந்தப் பதிலுக்குள் இன்னொரு மருத்துவமனையும் ஒளிந்திருக்கிறது. அதே ஊரில், அதே நோய்க்கு, அதே மதத்தவர் சில ஆண்டுகள் இடைவெளியில் தொடங்கிய போட்டி மருத்துவமனை அது. இரண்டும் ஏழைகளுக்காகவே நடந்தன, இரண்டிலும் கட்டணம் கிடையாது. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இரண்டு தரப்பும் கடுமையாக மோதிக்கொண்டன. மோதலின் மையம் ஒரே கேள்விதான்: தர்ம ஆஸ்பத்திரியின் வாசலில் யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது?

நோயைப் பற்றிக் கொஞ்சம்

காசநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இதை அறிவித்தார். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகள் வழியாக அது பரவுகிறது. தொற்றுக்கு ஆளாகும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. சத்துக் குறைவு, நெரிசலான வீடு, காற்றோட்டமில்லாத வேலையிடம் எல்லாம் சேரும்போது நோய் தலைதூக்குகிறது. நம் ஊரில் பழைய ஆட்கள் இதை எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் சொன்னார்கள். ஆளை உருக்கிக் கரைப்பதால் வந்த பெயர்கள்.

கிருமி தெரிந்தும் மருந்து வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மருந்து இல்லாத காலத்தில், சளியில் கிருமி தெரியும் அளவுக்கு நோய் வந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் பத்து ஆண்டுகளுக்குள் இறந்தார்கள் என்பது பழைய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் மதிப்பீடு. இதைக் கவிழ்த்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: எந்த மருந்தும் இல்லாமலே சிலர் தேறியிருக்கிறார்கள். ‘எதைச் சாப்பிட்டுத் தேறினார், எந்த ஊர்க் காற்றில் தேறினார்’ என்ற கதைகள் எல்லாம் இந்தச் சிலரை வைத்துத்தான் கிளம்பின.

சானடோரியமும் டென்வரும்

சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையப் பெயராகவே பழக்கம். டாக்டர் சௌரிமுத்து 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். கணித மேதை ராமானுஜன் 1917இல் சிகிச்சைக்காகத் தங்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

சானடோரிய சிகிச்சை என்பது மூன்று விஷயங்கள்: திறந்த காற்று, முழு ஓய்வு, நிறையச் சாப்பாடு. இந்த முறையை 1850களில் தொடங்கிவைத்தவர் ஹெர்மன் பிரெமர். இடம், அன்று ஜெர்மனியர் ஆட்சியிலும் இன்று போலந்திலும் இருக்கும் சைலீசியாவின் ஒரு மலைக் கிராமம். இதயம் சிறுத்திருப்பதால்தான் காசநோய் வருகிறது, மலைக்குப் போனால் இதயம் வலுக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. காரணம் முழுத் தவறு. ஆனால் அந்தத் தவறான காரணத்தின் மேல் கட்டிய சிகிச்சைமுறை நூறு ஆண்டு ஓடியது!

டென்வர் கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. வறண்ட காற்று, ஆண்டின் பெரும்பகுதி வெயில். ரயில் பாதை வந்ததும் நாட்டின் நாலா பக்கமிருந்தும் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். ‘உலகத்தின் சானடோரியம்’ என்று ஊருக்குப் பட்டப்பெயரே வந்தது. பணமுள்ளவர்கள் விடுதிகளில் தங்கினார்கள். ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் காசு சேர்த்து வந்தவர்கள் தெருவில் ரத்தம் கக்கி விழுந்தார்கள். நோயாளி என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காது, வேலையும் கிடைக்காது.

அப்படி வந்தவர்களில் டேவிட் எடெல்ஷ்டாட் ஒருவர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷில் தொழிலாளர் பாடல்கள் எழுதிப் புகழ்பெற்றவர், தையல் பட்டறைகளில் உழைத்தவர். காசநோயோடு டென்வர் வந்து 1892இல் அங்கேயே இறந்தபோது அவருக்கு 26 வயது. அந்த ஊரில் ஏழை நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் யூத மருத்துவமனை அப்போது ஒன்றுகூட இல்லை.

யூதர்கள் ஏன் தனியாக நடத்த வேண்டும்?

மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

1. பழைய நிபந்தனை. 1654இல் முதல் யூதக் குழு இன்றைய நியூயார்க்கில், அன்றைய டச்சுக் குடியேற்றத்தில், வந்து இறங்கியது. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களை வெளியேற்றப் பார்த்தார். அவரை நடத்திய வணிகக் கம்பெனி அவர்கள் இருக்கலாம் என்று உத்தரவு போட்டது, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: அவர்களில் ஏழைகள் ஊருக்குப் பாரமாக இருக்கக் கூடாது, அவர்கள் சமூகமே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். சட்டமாக அது காலாவதியான பிறகும் அமெரிக்க யூதத் தலைவர்களின் மனதில் காலாவதியாகவில்லை.

2. மக்கள் வரவு. 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் யூதர்களுக்கு எதிரான கலவரங்களும் வறுமையும் கூடின. 1924இல் குடியேற்றச் சட்டம் இறுகும் வரை இருபது லட்சத்துக்கும் அதிகமான கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். நியூயார்க்கின் அடுக்குக் குடியிருப்புகளில், வீட்டு அறையே தையல் பட்டறையாக, ஜன்னல் திறக்காமல் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தவர்கள் அதில் ஏராளம். காசநோய்க்குத் ‘தையல்காரர் நோய்’ என்று பெயரே விழுந்தது.

3. அவதூறு பயம். சிலர் அதை ‘யூத நோய்’ என்றும் சொன்னார்கள். அன்றைய நியூயார்க் புள்ளிவிவரங்களில் யூதக் குடியேறிகளின் காசநோய் இறப்பு விகிதம் மற்ற பல குடியேறிகளைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் அவதூறுக்குப் புள்ளிவிவரம் என்றைக்குத் தேவைப்பட்டது? 1907ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் காசநோயாளிகளை நாட்டுக்குள் விடக் கூடாதோர் பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே நிலைபெற்றிருந்த ஜெர்மானிய வழி யூதர்களுக்கு, தெருவில் இருமிக்கொண்டு திரியும் புது வரவுகள் பரிதாபத்தோடு சங்கடத்தையும் கொடுத்தார்கள். இந்தச் சங்கடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வரும் சண்டைக்கு இதுதான் விதை.

கட்டி முடித்தும் திறக்காத மருத்துவமனை

பிரான்சஸ் வைஸ்பார்ட் ஜேக்கப்ஸ் கென்டக்கியில் 1843இல் பிறந்தவர், கல்யாணமாகிக் கொலராடோ வந்தவர். டென்வர்த் தெருக்களில் விழுந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்து மருத்துவமனை வேண்டும் என்று ஊரை நச்சரித்தவர் இவர். யூதர்களிடம் மட்டும் பணம் கேட்டவர் அல்லர். 1887இல் பிற மதத் தலைவர்களுடன் சேர்ந்து டென்வரில் அவர் தொடங்கிய கூட்டு நிதி அமைப்பைத்தான் இன்றைய ‘யுனைடெட் வே’ என்ற தொண்டு அமைப்பு தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்கிறது. கொலராடோ சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தில் மாநிலத்தை உருவாக்கிய 16 பேரின் உருவங்கள் வண்ணக் கண்ணாடியில் இருக்கின்றன. அவர்களில் ஒரே பெண் இவர்தான்.

டெம்பிள் இமானுவேல் தொழுகைக்கூடத்தின் ராபி (யூத மதகுரு) வில்லியம் ஃப்ரீட்மன் துணை நிற்க, 1892 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த மாதம் பிரான்சஸ் இறந்துபோனார். கட்டடம் எழுந்தது, ஆனால் 1893இல் வெள்ளி விலை விழுந்தது. கொலராடோவின் பொருளாதாரமே வெள்ளிச் சுரங்கத்தை நம்பியிருந்ததால் வங்கிகள் வரிசையாக மூடின, மருத்துவமனையை நடத்தப் பணமில்லை. புதுக் கட்டடம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

பூட்டைத் திறக்க வைத்தது ‘பினாய் பிரித்’ என்ற தேசிய அளவிலான யூதச் சகோதர அமைப்பு. டென்வரின் நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் வெளியூர்க்காரர்கள் என்றால், செலவை டென்வர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? இந்த வாதம் எடுபட்டது. 1899 டிசம்பர் 10 அன்று மருத்துவமனை திறந்தது. பெயரில் ‘நேஷனல்’ வந்ததற்கு இதுதான் காரணம். நிதி நாடு முழுவதிலிருந்தும் வந்தது.

அதன் வாசகம் புகழ்பெற்றது: காசு கொடுக்க முடிந்தவர் உள்ளே வர முடியாது, உள்ளே வந்தவர் காசு கொடுக்க முடியாது. மதம் பார்க்கவில்லை. முதலில் சேர்ந்த நோயாளியே யூதர் அல்லாத, ஸ்வீடன் வழி வந்த ஒரு பெண்.

சேர்க்கை விதிகள்

கட்டணமில்லை, மதபேதமில்லை என்றால் எல்லாருக்கும் வாசல் திறந்திருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. தொடக்க ஆண்டுகளின் விதிகள் இவை:

1. நோய் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்கு மட்டுமே இடம். முற்றியவருக்கு இல்லை.
2. பொதுவாக ஆறு மாதம்தான் தங்கலாம்.
3. வெளியே போன பிறகு பிழைக்க வழி உண்டு, ஊருக்குப் பாரமாக மாட்டார் என்று காட்ட வேண்டும்.
4. உணவு யூத மத விதிப்படியான கோஷர் முறையில் சமைத்ததாக இருக்காது.

நிர்வாகத்தின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். திறந்தபோது இருந்தது அறுபது பேருக்கான இடம். வெளியே காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவர் ஒரு படுக்கையில் ஓராண்டு கிடந்தால், பிழைத்திருக்கக்கூடிய இருவர் வெளியே நின்று நோய் முற்றிப்போவார்கள். முற்றியவர்களையும் சேர்ப்போம் என்று அறிவித்தால், நாட்டின் எல்லாத் தர்ம சங்கங்களும் தங்கள் ஊர் நோயாளிகளை டென்வருக்கு ரயிலேற்றிவிடும். இந்தக் கடைசி பயம் வெறும் கற்பனை அல்ல. கிழக்குக் கரை நகரங்கள் அதைச் செய்துகொண்டுதான் இருந்தன.

நான்காவது விதி மட்டும் வேறு ரகம். அதற்குப் படுக்கைக் கணக்கு எந்த நியாயமும் சொல்லாது. நிர்வாகிகள் ஜெர்மானிய வழி வந்த சீர்திருத்த யூதர்கள், கோஷர் அவர்கள் கைவிட்டுவிட்ட பழைய பழக்கம். நோயாளிகளோ பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பியர்கள், பிறந்தது முதல் அந்த உணவைத் தவிர வேறு தொடாதவர்கள். சாப்பாடே சிகிச்சையாக இருக்கும் இடத்தில், ஒருவர் வாயில் வைக்கக் கூசும் சாப்பாட்டைப் பரிமாறினால் சிகிச்சை பாதி கெட்டது. வாசலில் இலவசம், பந்தியில் அவமானம் என்று ஆகிவிட்டது. பல ஆண்டுகள் கழித்துத்தான் நேஷனல் ஜூயிஷ் கோஷர் சமையலறைக்கு இறங்கிவந்தது.

1904: கூடாரங்களில் தொடங்கிய எதிர்க்குரல்

திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அவர்களுக்காகப் பொங்கியவர்களும் சேர்ந்து 1904இல் ‘ஜூயிஷ் கன்சம்ப்டிவ்ஸ் ரிலீஃப் சொசைட்டி’ (யூதக் காசநோயாளர் நிவாரணச் சங்கம்) என்ற சங்கத்தைப் பதிவு செய்தார்கள். சுருக்கமாக ஜேசிஆர்எஸ். தொடங்கியவர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த உழைப்பாளிகள், அவர்களில் பலர் தாங்களே காசநோயாளிகள். டென்வருக்கு மேற்கே, இன்றைய லேக்வுட் பகுதியில், வெஸ்ட் கோல்ஃபாக்ஸ் சாலையில் நிலம் வாங்கி, மரச்சட்டம் போட்ட கூடாரங்களில் அதே ஆண்டு செப்டம்பரில் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சேர்க்கலாம். தங்குவதற்குக் கெடு கிடையாது. கோஷர் உணவு உண்டு. ஒரு உயிரைக் காத்தவர் உலகம் முழுவதையும் காத்தவர் என்ற, யூத மத நூலான தல்மூத்தின் வாக்கியத்தைத் தங்கள் முத்திரை வாசகமாக எடுத்துக்கொண்டார்கள்.

தலைவர் மருத்துவர் பிலிப் ஹில்கோவிட்ஸ். ஆனால் சங்கத்தின் உயிர் அதன் செயலாளர் சார்லஸ் ஸ்பிவாக். 1861இல் இன்றைய உக்ரைனில் உள்ள கிரெமென்சுக் நகரில் பிறந்தவர். ஜார் ஆட்சிக்கு எதிரான இயக்கத்தில் ஈடுபட்டதால் 1882இல் தப்பி அமெரிக்கா வந்தார். கூலி வேலை பார்த்து, பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். மனைவியின் உடல்நலத்துக்காக 1896இல் டென்வர் வந்தார். சோசலிஸ்ட், மதச் சடங்குகளைத் தாம் கடைப்பிடிக்காதவர். அப்படிப்பட்டவர்தான் நோயாளிக்குக் கோஷர் உணவு கொடுத்தே ஆக வேண்டும் என்று கடைசிவரை நின்றார். தனக்கு நம்பிக்கையில்லாத ஒன்றை, அடுத்தவரின் மானத்துக்காகக் கட்டிக்காத்த மனுஷன்.

பணம் வந்த விதத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது. நேஷனல் ஜூயிஷுக்குப் பின்னால் வணிகர்களும் பெரிய அமைப்பும் இருந்தார்கள். ஜேசிஆர்எஸ் தையல்காரர், சுருட்டுத் தொழிலாளி, பெட்டிக்கடைக்காரர் ஆகியோரிடமிருந்து சில்லறையாகச் சேர்த்தது. ஊருக்கு ஊர் பெண்கள் துணைச் சங்கங்கள் வைத்தார்கள், வீடுகளில் உண்டியல் வைத்தார்கள். வளாகத்தில் ‘நியூயார்க் கட்டடம்’, ‘டெக்சஸ் கட்டடம்’ என்று பெயர்கள் இருந்தது அதனால்தான். பணம் தந்த ஊரின் பெயர் கட்டடத்துக்கு.

வளாகம் ஒரு சிறு ஊராகவே வளர்ந்தது. சொந்தப் பால் பண்ணை, கோழிப் பண்ணை, அச்சகம், நூலகம், தொழுகைக்கூடம். ‘ஸ்பிவாக், கொலராடோ’ என்ற பெயரில் தனி அஞ்சலகமும் இருந்தது. ‘தி சானடோரியம்’ என்ற பத்திரிகை நடத்தினார்கள். யித்திஷ் இலக்கியத்துக்கும் இந்த இடத்துக்கும் உள்ள உறவு தனியாக எழுத வேண்டிய அளவு பெரியது. யெஹோவாஷ் என்ற பெயரில் எழுதிய கவிஞர் சிகிச்சைக்காக டென்வர் வந்து ஸ்பிவாக்கின் நண்பரானார். யித்திஷில் புழங்கும் எபிரேய, அரமேய சொற்களுக்கு இருவரும் சேர்ந்து தொகுத்த அகராதி 1911இல் வெளிவந்தது. யித்திஷின் பெரும் கவிஞர்களில் ஒருவரான லேவிக் 1930களில் இங்கே நோயாளியாகக் கிடந்து கவிதைகள் எழுதினார்.

முற்றிய நோயாளிகளைச் சேர்த்தால் சாவு அதிகம் இருக்கும். பக்கத்திலுள்ள கோல்டன் ஹில் கல்லறைத் தோட்டத்தில், அடக்கச் செலவுக்கு ஆளில்லாத ஜேசிஆர்எஸ் நோயாளிகளுக்கென்றே மேட்டில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது.

ராபி ஃப்ரீட்மன் தரப்பு சும்மா இருக்கவில்லை. ஒரே ஊருக்கு இரண்டு யூத காசநோய் மருத்துவமனை எதற்கு, நன்கொடை சிதறும், அனாதரவானவர்கள் இங்கே வந்து குவிவார்கள் என்று வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். தர்மம் என்றால் மேலிருந்து கீழே போடுவது, விண்ணப்பித்தவரைத் துருவி விசாரித்துத் தகுதி பார்ப்பது என்று ஆகிவிட்டது என ஸ்பிவாக் தரப்பு திருப்பிக் கொடுத்தது.

ஸ்பிவாக் 1927இல் இறந்தார். உயிலில் எழுதி வைத்திருந்தது இது: உடலை மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்கட்டும், எலும்புக்கூட்டை எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள்.

குணமானவர் கணக்கை எப்படிப் படிப்பது

வாசல் விதி வெறும் கொள்கைச் சண்டை அல்ல, மருத்துவமனை வெளியிடும் வெற்றிக் கணக்கையே அது மாற்றிவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே சுமாரான பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டுப் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளிகளை நமக்குத் தெரியும். அதே கதைதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். ‘அ’ மருத்துவமனை ஆரம்பக் கட்ட நோயாளிகள் நூறு பேரைச் சேர்க்கிறது, எழுபது பேர் தேறிப் போகிறார்கள். ‘ஆ’ மருத்துவமனை ஆரம்பக் கட்டத்தில் இருபது பேர், முற்றியவர்கள் எண்பது பேர் என்று சேர்க்கிறது. இருபதில் பதினான்கு பேரும் எண்பதில் பதினாறு பேரும் தேறுகிறார்கள். ‘அ’வின் வெற்றி 70 சதவீதம், ‘ஆ’வின் வெற்றி 30 சதவீதம். ஆனால் ஆரம்பக் கட்ட நோயாளிகளை மட்டும் எடுத்தால் இரண்டிலும் அதே 70. சிகிச்சையில் வித்தியாசமே இல்லை, வித்தியாசம் வாசலில்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன.

1. சானடோரியங்களின் பழைய ‘குணமானோர்’ சதவீதத்தை வைத்து மலைக்காற்றின் சக்தியை அளக்க முடியாது. யாரைச் சேர்த்தார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும்.
2. ஆறு மாதக் கெடு வைத்தால், வெளியே போய் ஏழாவது மாதம் மோசமானவர் கணக்கில் வர மாட்டார். ‘தேறினார்’ என்று பதிவான நாளோடு அவர் கதை முடிந்துவிடும்.
3. நன்கொடையாளர் வெற்றிக் கணக்கைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார் என்றால், நிர்வாகம் வாசலை மேலும் இறுக்கத்தான் பார்க்கும். சாகிறவரைப் பார்த்துக்கொள்வதற்கு யாரும் பரிசு தருவதில்லை.

அப்படியென்றால் சானடோரியத்தால் ஒரு பயனும் இல்லையா? இருந்தது. பட்டறையிலிருந்தும் நெரிசல் வீட்டிலிருந்தும் ஆளைப் பிரித்தது, பாலும் முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றியது, வீட்டிலிருந்த குழந்தைகளுக்குத் தொற்றும் வாய்ப்பைக் குறைத்தது. ஆனால் நோயாளிக்கு ஓய்வு கிடைக்கும்போது வீட்டில் சம்பாதிக்க யார்? இந்தக் கேள்விக்குச் சானடோரியத்திடம் பதில் இல்லை.

பின்னால் வந்த குடும்பங்கள்

ஒருவர் நோயோடு டென்வர் வந்தால் குடும்பமும் பின்னாலேயே வந்தது. பிற்காலத்தில் இஸ்ரேலின் பிரதமரான கோல்டா மேயர் டென்வருக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். காசநோய் சிகிச்சைக்காக வந்து அங்கேயே குடியிருந்த அக்கா ஷேனாவின் வீட்டுக்குப் பதின்ம வயதில் மில்வாக்கியிலிருந்து ஓடி வந்தார். சிகிச்சைக்கு வந்த ரஷ்ய யூத இளைஞர்கள் மாலையில் அந்த வீட்டில் கூடி அரசியல் பேசுவார்கள். அவருக்கு அரசியல் பிடித்ததும் அங்கேதான், கணவராக வரப்போகும் மோரிஸ் மேயர்சனைச் சந்தித்ததும் டென்வரில்தான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் அக்கா வீடு இருக்கவில்லை. தாயோ தந்தையோ சானடோரியத்தில் படுத்துவிட, தெருவில் நின்ற குழந்தைகளுக்காக 1907இல் டென்வரில் ஒரு காப்பகம் தொடங்கினார்கள். அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஃபேனி லோர்பர். காசநோய் குறையக் குறைய அந்தக் காப்பகம் தீராத ஆஸ்துமாவால் அவதிப்படும் குழந்தைகளின் இல்லமாக மாறியது, பிறகு ஆராய்ச்சி நிலையத்தையும் சேர்த்துக்கொண்டது. அங்கே வேலை பார்த்த ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் 1966இல் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைக் கண்டறிந்தார்கள். இன்று ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கும்போது மருத்துவர் பார்க்கச் சொல்லும் அதே ஐஜிஇ. அந்த நிலையம் 1978இல் நேஷனல் ஜூயிஷுடன் இணைந்தது.

சானடோரியத்தை மூட வைத்தது எது

மருந்துகள் வந்த வரிசை: 1944இல் ஸ்ட்ரெப்டோமைசின், சிறிது பின்னால் பாஸ் (PAS) என்ற மருந்து, 1952இல் ஐசோனியசிட். ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்கிறது, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் அடங்குகிறது என்பதும் இந்த ஆண்டுகளில் தெளிவானது. நேஷனல் ஜூயிஷின் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்திய கார்ட்னர் மிடில்ப்ரூக்கின் பெயர் இன்றும் காசநோய்க் கிருமியை வளர்க்கப் பயன்படும் ஊடகங்களுக்கு இருக்கிறது.

ஆனாலும் மருத்துவர்களுக்கு ஒரு தயக்கம். மருந்து சரி, ஓய்வும் நல்ல உணவும் காற்றோட்டமும் இல்லாமல் அது வேலை செய்யுமா? குடிசையில் இருப்பவருக்கு மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதுமா? இதற்குப் பதில் கிடைத்தது டென்வரில் அல்ல, சென்னையில்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மருந்து ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. மையத்தை வழிநடத்த வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டு அதே ஐசோனியசிட், அதே பாஸ்.

குலுக்கல் என்பதுதான் இங்கே முக்கியம். யாரை எங்கே சேர்ப்பது என்று மருத்துவரோ நன்கொடையாளரோ முடிவு செய்யவில்லை. ஐம்பது ஆண்டு சானடோரியக் கணக்குகளைக் குழப்பிய வாசல் தேர்வு இதில் இல்லை.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டில் 86 சதவீதத்தினருக்கும் சளியில் கிருமி அடங்கியிருந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் முழு ஓய்வும் இருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. மலைக்காற்று, கூடாரம், ஆறு மாதப் படுக்கை எதுவும் கட்டாயம் இல்லை, மருந்தை விடாமல் சாப்பிட வைப்பதுதான் வேலை என்று ஆயிற்று. உலக நாடுகளின் காசநோய்த் திட்டங்கள் வீட்டுச் சிகிச்சைக்குத் திரும்பியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கச் சானடோரியங்கள் அதற்கு முன்பே மருந்துகளால் காலியாகத் தொடங்கியிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று என்ன மிச்சம்

ஜேசிஆர்எஸ் 1954இல் புற்றுநோய் ஆராய்ச்சி மையமாக மாறியது. அதுவரை ஏறத்தாழ 10,000 பேர் அங்கே சிகிச்சை பெற்றிருந்தார்கள். விற்ற நிலத்தின் ஒரு பகுதியில் வந்த கடைவளாகம் பல காலம் ஜேசிஆர்எஸ் என்ற எழுத்துகளையே பெயராக வைத்திருந்தது. அங்கே பொருள் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்த எழுத்துகளின் விரிவு தெரிந்திருக்கும்! மருத்துவமனை வளாகம் 2003இல் ஒரு கலைக் கல்லூரியின் கைக்கு வந்தது. பழைய மரக் கூடாரம் ஒன்றையும் தொழுகைக்கூடத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

நேஷனல் ஜூயிஷ் ஆஸ்துமா, ஒவ்வாமை, நுரையீரல் நோய்கள் என்று விரிந்து, 2008 முதல் ‘நேஷனல் ஜூயிஷ் ஹெல்த்’ என்ற பெயரில் இயங்குகிறது. காசு வாங்காத விதி எப்போதோ போய்விட்டது, காப்பீடும் கட்டணமும் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் மட்டும் அமெரிக்க மருத்துவர்கள் இன்றும் அங்கே கேட்கிறார்கள். 2007இல் அந்தப் பயணியை அனுப்பியதும் அதனால்தான். முதலில் மிகக் கொடிய வகை என்று அறிவிக்கப்பட்ட அவருடைய கிருமி, அங்கே மறுபடி பரிசோதித்தபோது அதைவிட ஒரு படி குறைந்த வகை என்று தெரிந்தது.

ஜேசிஆர்எஸ் நோயாளிகளின் கோப்புகள் டென்வர் பல்கலைக்கழகத்தின் பெக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முன்னோரைத் தேடும் குடும்பங்கள் அங்கே விண்ணப்பித்துத் தாத்தா, பாட்டியின் கோப்புகளைக் கேட்கிறார்கள்.